நிலச் சீட்டின் பின்பக்கத்தையும் காட்டுங்கள்

மேற்கு இல்லினாய், ஐயோவா மாவட்டங்களின் வரலாற்றுக் கழகத்தாருக்கு,

வணக்கம். நான் பியோரியாவில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கும் தமிழன். இந்தக் கடிதத்தின் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், என்னைப் போல இந்த மண்ணில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்களும் படிக்க வேண்டும் என்பதுதான்.

போன மாதம் இந்தப் பக்கத்துச் சின்ன அருங்காட்சியகம் ஒன்றுக்கு மகளைக் கூட்டிப் போனேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் நிலச் சீட்டு ஒன்றின் நகல் இருந்தது. படையில் சேவை செய்தவருக்கு இத்தனை ஏக்கர் அரசு நிலம் உண்டு என்று சொல்லும் காகிதம் அது. பிரிட்டனை எதிர்த்து நடந்த 1812 போரில் சண்டையிட்ட ஒரு முதியவருக்கு, 1855 சட்டப்படி கொடுத்த 160 ஏக்கர். நாடு தன் வீரருக்கு நன்றியோடு அளித்த நிலம் என்கிற பொருளில் கீழே ஒரு குறிப்பு. மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, அந்தத் தாத்தா நிலத்துல என்ன பயிர் வச்சார்?"

அவர் அநேகமாக அந்த நிலத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அந்தச் சுவரில் இருந்தது சீட்டின் முன்பக்கம் மட்டும்தான். கதையின் மீதி பின்பக்கத்தில் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் சொல்கிறேன். 1852-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இந்தச் சீட்டுகளைப் பிறர் பெயருக்கு மாற்றலாம் என்று சட்டம் போட்டது. மாற்றும்போது சீட்டின் முதுகிலேயே எழுதுவார்கள்: இன்னார் இன்னாருக்கு விற்றார், சாட்சி இன்னார். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போடுவார், பக்கத்தில் குமாஸ்தா அவர் பெயரை எழுதுவார். நம் ஊர்ப் பத்திரங்களில் கைநாட்டு இருக்குமே, அதேதான். நில அலுவலகத்தில் ஒப்படைத்த சீட்டுகள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கேட்டால் பின்பக்க நகலும் கிடைக்கும்.

வயதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1814-இல் இருபது வயதில் துப்பாக்கி தூக்கியவருக்கு 1855-இல் அறுபத்தொன்று. 1790-களில் ஒஹையோ எல்லையில் சண்டையிட்டவர்கள் எண்பதைத் தொட்டிருப்பார்கள். 1850 சட்டம் ஒன்பது மாதச் சேவைக்கு 160 ஏக்கர், நான்கு மாதத்துக்கு 80, ஒரு மாதத்துக்கு 40 என்று அளந்தது. 1855-இல் பதினான்கு நாள் சேவை இருந்தாலே 160 என்று தளர்த்தினார்கள், விதவைகளுக்கும் உண்டு என்றார்கள். 1847 முதல் 1855 வரை வந்த நான்கு சட்டங்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள், 6 கோடி ஏக்கருக்கு மேல். தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு சீட்டு ஏறத்தாழ 24 வேலி. கேட்கும்போது பெரிய சொத்துதான். ஆனால் நியூயார்க்கிலோ வெர்மான்டிலோ முடக்குவாதத்தோடு உட்கார்ந்திருக்கும் முதியவர் ஐயோவாவுக்குப் போய்ப் புல்வெளியை உழுவாரா? அவருக்குத் தேவைப்பட்டது விறகுக்கும் மருந்துக்கும் காசு. அது தரகரிடம் இருந்தது. அரசு நிலம் ஏக்கருக்கு 1.25 டாலர் என்றால், சீட்டு பெரும்பாலும் அதற்கும் கீழேதான் கைமாறியது. வாங்கிய தரகர் அதையே இங்கே மேற்கில் குடியேற வந்த ஏழை விவசாயிக்குக் கடும் வட்டிக்குக் கடனாகக் கொடுத்தார். ஒரே சீட்டில் கிழக்கே கிழவரும் மேற்கே விவசாயியும் இழந்தார்கள்.

இந்த முதியவர்கள் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர்களுடைய கோப்புகளைப் படித்தால் மனம் கனத்துப்போகும். கல்யாணமானதை நிரூபிக்க, குடும்ப பைபிளில் பிறப்பும் இறப்பும் எழுதிவைத்த பக்கத்தையே கிழித்து விண்ணப்பத்தோடு அனுப்பிய விதவைகள் உண்டு. அந்தப் பக்கங்கள் திரும்பிப் போகவில்லை, இன்றும் கோப்பிலேயே இருக்கின்றன.

என் வீட்டுக் கதையும் இதில் வருகிறது. இல்லினாய் ஆற்றுக்கும் மிசிசிப்பிக்கும் நடுவே 1812 போர்ச் சிப்பாய்களுக்கென்று 35 லட்சம் ஏக்கர் ஒதுக்கினார்கள். அதற்குள்தான் என் வீடு. அரசின் பழைய பட்டா ஆவணங்களை இணையத்தில் தேடினேன். 1818-இல் ஒரு சாதாரணச் சிப்பாய்க்குக் கால் செக்‌ஷன், அதாவது 160 ஏக்கர். நிலம் குலுக்கலில்தான் விழுந்தது. அந்தச் சதுரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றி நடந்தேன். பக்கத்துக்கு அரை மைல், மொத்தம் இரண்டு மைல். பட்டா வந்த சில மாதத்திலேயே நிலம் கிழக்கே ஒரு வியாபாரி பெயருக்குப் போயிருக்கிறது.

சரி, அந்த நிலம் அரசுக்கு எங்கிருந்து வந்தது? உங்கள் பலகைகளில் நான் இதுவரை பார்க்காத வரி அதுதான். 1804-இல் செயின்ட் லூயிஸில் போட்ட ஒப்பந்தம். இந்த மண்ணின் பூர்வகுடிகளான சாக் மக்கள் சார்பில் ஒரு கொலை வழக்கைத் தீர்த்துக்கொள்ளப் போன குவாஷ்குவாமேயும் மற்ற நால்வரும் கையெழுத்திட்டார்கள். நிலத்தை விற்க நாங்கள் யாரும் அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை என்று சாக் மக்கள் சொன்னார்கள். ஏறத்தாழ 5 கோடி ஏக்கருக்கு ஈடாக 2,234 டாலர் 50 சென்ட் மதிப்புள்ள பொருள்கள், அப்புறம் வருடத்துக்கு 1,000 டாலர். சாக் மக்களின் போர்த் தலைவர் பிளாக் ஹாக் அந்த ஒப்பந்தத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை. 1832-இல் அவர் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் ஆயிரம் பேரோடு மிசிசிப்பி ஆற்றைக் கடந்து ஊர் திரும்பினார். அது விஸ்கான்சினின் பேட் ஆக்ஸில் படுகொலையாக முடிந்தது.

அந்தப் பிளாக் ஹாக் போரில் இருந்த இருபத்துமூன்று வயது லிங்கனை நாம் எல்லோரும் அறிவோம். ஏறத்தாழ எண்பது நாள் சேவை, ஒரு சண்டையையும் அவர் பார்க்கவில்லை. 1850 சட்டப்படி அவருக்கு 40 ஏக்கர், 1855 சட்டப்படி மேலும் 120. அந்த 40 ஏக்கர் விழுந்த இடம் ஐயோவாவின் டாமா மாவட்டம். அதே டாமாவில்தான், சாக் மக்களின் கூட்டாளிகளான, கான்சாஸுக்கு விரட்டப்பட்ட மெஸ்க்வாகி பூர்வகுடி மக்கள் 1857-இல் 80 ஏக்கர் வாங்கினார்கள். சொந்தப் பணம், 1,000 டாலர். ஏக்கருக்கு 12.50 வருகிறது, அரசு விலையைப் போல் பத்து மடங்கு. தங்கள் நாட்டில் தாங்களே குடியிருப்பதற்குக் கொடுத்த விலை அது. இந்த இரண்டு பத்திரங்களையும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் போதும், விளக்கமே வேண்டாம். என் மகள் வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

அதே 1857-இல் இன்னொரு வயதான போர்வீரருக்கும் நிலம் கிடைத்தது. பொட்டவாடமி பூர்வகுடித் தலைவரான ஷபோனா 1813-இல் அமெரிக்காவை எதிர்த்த பூர்வகுடித் தலைவர் டெகும்சேயின் பக்கம் நின்று சண்டையிட்டவர், 1832-இல் குதிரையேறிப் போய் வெள்ளைக்காரக் குடிகளை எச்சரித்து உயிர் காத்தவர். 1829 ஒப்பந்தத்தில் அவருக்கென்று 1,280 ஏக்கர் எழுதிவைத்தார்கள். உறவினரைப் பார்க்க அவர் கான்சாஸ் போயிருந்தபோது, 1849-இல் அரசே அதை ஏலம் விட்டது. கடைசியில் அக்கம்பக்கத்துக் குடிகள் வசூல் பண்ணி, மாரிஸ் ஊர்ப் பக்கம் 20 ஏக்கர் வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில், 1859-இல், இறந்துபோனார். 1855 சட்டம் படையில் சேவை செய்த பூர்வகுடிகளுக்கும் வெள்ளையரைப் போலவே நிலம் உண்டு என்று ஏழாம் பிரிவில் சொன்னதுதான். காகிதத்தில் அவர்களை மறக்கவில்லை.

காலம் கடந்தாவது சில கணக்குகள் நேராகின்றன. 2024-இல் ஷபோனாவின் பழைய நிலத்தில் 130 ஏக்கரை மத்திய அரசு பிரெய்ரி பேண்ட் பொட்டவாடமி மக்களுக்காகத் தன் காப்புப் பொறுப்பில் ஏற்றது. மறு வருடம் ஷபோனா ஏரிப் பூங்காவையும் அவர்களுக்கு மாற்ற இல்லினாய் சட்டமன்றம் வழிவிட்டது. சட்டமன்றமே இவ்வளவு தூரம் வந்தபிறகு, அருங்காட்சியகப் பலகையில் இரண்டு வரி சேர்ப்பது உங்களால் முடியாத காரியம் இல்லை.

நான் கேட்பது இதுதான். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு நிலச் சீட்டுக்கும் பின்பக்க நகலை வரவழைத்துக் கூடவே மாட்டுங்கள். அந்த நிலம் எந்த ஒப்பந்தத்தில், யாரிடமிருந்து, என்ன விலைக்கு வந்தது என்று கீழே எழுதுங்கள். விதவைகளின் பெயரையும் போடுங்கள், இன்னாரின் மனைவி என்று மட்டும் விடாதீர்கள். எழுதும் வேலையை நீங்களே செய்ய வேண்டாம். டாமாவில் மெஸ்க்வாகி மக்களுக்குச் சொந்த அருங்காட்சியகமே இருக்கிறது, அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

எங்கள் டவுன்ஷிப்பின் முப்பத்தாறு செக்‌ஷன்களில் பதினொன்றுக்கு முதல் பட்டா யாருக்கு, அடுத்து யாருக்கு என்று தேடி எடுத்து வைத்திருக்கிறேன். மீதியையும் செய்வேன். சனிக்கிழமைகளில் எனக்கு நேரம் உண்டு, பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்யவும் வரும். ஏப்ரலில் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வருவதற்கு முன் ஒரே ஒரு சீட்டுக்காவது இதைச் செய்துவிடலாம் என்றால் சொல்லுங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
பியோரியாவில் இருந்து ஒரு தமிழன்