சதவீதத்தை விடுங்கள், பிள்ளைகளை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ராமநாதபுரம் மாவட்டம் 96.36 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்தில் மூன்றாம் இடம் பிடித்தது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் 35 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்கிற அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, நம் கடற்கரை ஊர்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கிறதா என்று சொல்ல முடியாது. எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி என்பதால் பள்ளிப் பதிவேடும் சொல்லாது. பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று பார்க்க 2024 டிசம்பர் 4 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வு, மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த சில பள்ளிகளை மட்டும் எடுத்தது. அதை வைத்து மாவட்டத்தைப் பற்றிப் பேசலாம், ஒரு ஊராட்சி ஒன்றியத்தைப் பற்றிப் பேச இயலாது. எனவே ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளின் கற்றல் அடைவை ஒன்றிய அளவில் மீளாய்வு செய்தே ஆக வேண்டும். அதைச் செய்கிற முறையில்தான் கோளாறு.

முதல் கோளாறு சதவீதம். இங்கே பல ஊர்களில் இருப்பவை ஈராசிரியர் பள்ளிகள். ஐந்தாம் வகுப்பில் 9 பேர் என்றால் ஒரு பிள்ளைக்கு 11 சதவீதம். போன வருடம் 78, இந்த வருடம் 56 என்று மீளாய்வுக் கூட்டத்தில் திரையில் போட்டுத் தலைமையாசிரியரை எழுப்பி நிறுத்தினால், அங்கே குறைந்தது இரண்டே பிள்ளைகள். அதுவும் போன வருடத்துப் பிள்ளைகள் வேறு, இந்த வருடத்துப் பிள்ளைகள் வேறு. இருபது பேருக்குக் கீழே உள்ள வகுப்புக்குச் சதவீதமே போடக்கூடாது. "9-இல் 5" என்று எழுதினால் போதும், அந்த நால்வர் யார் என்ற கேள்வி தானாக வரும்.

எந்த எண்ணால் வகுப்பது என்பது அடுத்தது. பதிவேட்டில் 40, தேர்வெழுதியவர் 31, தேறியவர் 25 என்றால் அதை 81 சதவீதம் என்றும் காட்டலாம், 63 சதவீதம் என்றும் காட்டலாம். வராத 9 பேரில்தான் பெரும்பாலும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இருப்பார்கள். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏதாவது ஒரு குறிப்பு இருக்க வேண்டும். வராதவர்களை இரண்டு வாரத்துக்குள் மறுபடி உட்காரவைக்க வேண்டும். மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருட நடுவில் வந்து சேரும் பிள்ளைகளைத் தனிப் பட்டியலில் வைப்பதே நியாயம்.

நாள் குறிப்பதும் இந்தக் கடற்கரைக்குப் பொருந்த வேண்டும். 2025-இல் மாநில அடைவு ஆய்வு 3, 5, 8 வகுப்புகளுக்குப் பிப்ரவரியில் நடந்தது. சாயல்குடிப் பக்கம் அது பனைத்தொழில் தொடங்கும் காலம். குடும்பங்கள் விடிலி என்கிற ஓலைக் குடிசை போட்டுத் தோப்பிலேயே தங்கும், பிள்ளைகளும் கூடப் போவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வேறு வேலை தேடி வெளியூர் போன குடும்பங்கள் சில, பள்ளி திறந்த பிறகுதான் ஊர் திரும்பும். ஐப்பசி, கார்த்திகை மழை விடுமுறையில் போய்விடும். மிஞ்சுவது ஆகஸ்டு நடுவும் பொங்கல் கழிந்த ஜனவரி கடைசியும்தான். இரண்டு முறையும் அதே பிள்ளைகளைச் சோதித்தால் வளர்ச்சி தெரியும். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், கீழிருந்து மேலாக உள்ள அரும்பு, மொட்டு, மலர் நிலைகளை இதற்கே பயன்படுத்தலாம். "மலரில் எத்தனை பேர்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "ஆகஸ்டில் அரும்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் மொட்டுக்கு வந்தார்கள்?" என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு, ஜூன் மாதமே மலரில் இருந்த பிள்ளைகளைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம்விட முக்கியம், மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் பிழை. 403-இல் 178-ஐக் கழிக்கச் சொன்னால் விடை 225. ஒரு பிள்ளை 375 என்று எழுதும்: எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது, கடன் வாங்குவது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. இன்னொன்று 325 என்று எழுதும்: கடன் வாங்கியது, நூறில் ஒன்றைக் குறைக்க மறந்தது. மூன்றாவது 581 என்று எழுதும்: குறியைப் பார்க்காமல் கூட்டிவிட்டது. மூன்றுக்கும் பூஜ்யம்தான். ஆனால் முதல் பிள்ளைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகளைப் பிரித்துக் காட்டிப் பல நாள் செய்யவைக்க வேண்டும், இரண்டாவதற்குச் சில நாள் பயிற்சி போதும், மூன்றாவதற்குக் கணக்கில் குறையே இல்லாமலும் இருக்கலாம். வாசிப்பிலும் இப்படித்தான். "கொடு" என்பதைக் "கெடு" என்று வாசிக்கும் பிள்ளை இடப்பக்கக் கொம்பை மட்டும் பார்த்து, வலப்பக்கக் காலை விட்டுவிடுகிறது. படத்தைப் பார்த்துக் கதை சொல்லும் பிள்ளை வாசிக்கவே இல்லை; படத்தை மூடிவிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். இந்த வேறுபாடு எதுவும் ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடமிருந்து முழுதாக வராது. விடை தெரிந்தும் வட்டத்தை மாற்றி நிரப்புகிற பிள்ளைகளும் உண்டு.

ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பத்தி வாசிப்பு, ஐந்து சொல் எழுதுதல், ஆறு கணக்கு. வாசிப்பைத் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 20 பேருக்கு 100 நிமிடம், ஒரு முற்பகலில் முடியும். சொந்தப் பள்ளி ஆசிரியர் கேட்கக்கூடாது. பக்கத்துக் குறுவள மையத்தை (அருகருகே உள்ள சில பள்ளிகளின் தொகுப்பு) சேர்ந்த ஆசிரியர் வரட்டும். தாள்களில் பத்துக்கு ஒன்றை இன்னொருவர் திருத்திப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் தாராளமும் மற்றவர் கறாருமாக முடியும். இந்தச் சோதனையை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தால் பலகையில் விடை வந்துவிடும், நன்றாக எழுதும் பிள்ளைக்குப் பக்கத்தில் எழுதாத பிள்ளை உட்காரும். வரிசை வேண்டவே வேண்டாம்.

ஆசிரியரைப் பற்றிய ஒரு பத்தியும் முடிவை எழுதும் படிவத்தில் இருக்க வேண்டும்: பயிற்சி, கூட்டம், மாற்றுப்பணி என்று எத்தனை நாள் வகுப்பில் இல்லை என்று. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்காக வட்டார வள மையத்துக்குப் போனால் மற்றவர் கையில் ஐந்து வகுப்பு. அந்த நாட்களைக் குறிக்காமல் அடைவைப் பேசுவது அரைக்கணக்கு.

முடிவைப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் வைக்க வேண்டும். சட்டப்படி அதில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர்கள். பெயர்களைப் படிக்காமல் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதும். அந்தந்தத் தாய் தகப்பனுக்குத் தன் பிள்ளையின் தாளைத் தனியே காட்டலாம்.

ஐந்தாம் வகுப்பு முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் மாற்றுச் சான்றிதழோடு அதன் பிழைகளைக் குறித்த தாளின் நகலையும் கொடுத்தனுப்ப வட்டாரக் கல்வி அலுவலர்கள் உத்தரவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆறாம் வகுப்பு ஆசிரியர் அதே 403-ஐயும் 178-ஐயும் புதிதாகக் கரும்பலகையில் எழுத வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி ஒன்றியங்கள்