சிறுதானியத் திட்டம் இடறுவது ஆலையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரேஷனிலும் பள்ளிக் காலை உணவிலும் சிறுதானியங்களைச் சேர்க்க வேண்டும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சேர்க்கத்தான் வேண்டும். தமிழகத்தில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. இவை தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) தரும் கணக்கு. ஆனால் கேழ்வரகையும் கம்பையும் ஒரு பக்கமாகவும், சாமை, தினை, வரகு, குதிரைவாலியை இன்னொரு பக்கமாகவும் பிரித்துத் திட்டமிடாவிட்டால் சரக்கு கிடங்கிலேயே கெட்டுவிடும்.

கேழ்வரகுக்கும் கம்புக்கும் உமி கழற்றும் வேலை கிடையாது. கல்லும் மண்ணும் நீக்கினால் அரவைக்குத் தயார். சாமை வகையறாவுக்கு உமி நீக்கியாக வேண்டும்; வரகுக்கு அது அடுக்கடுக்காக ஒட்டிக் கிடக்கும். நெல்லுக்கான ரப்பர் ரோல் இயந்திரத்தில் இந்தப் பொடி விதைகள் பிடிபடாது. வீசியடித்து உமியை உடைக்கும் தனி இயந்திரம் வேண்டும். அதில் போடும் முன் சல்லடையில் அளவுவாரியாகப் பிரிக்க வேண்டும். பல ஆலைகளில் தவறுவது இங்கேதான். பெரிதும் சிறிதும் கலந்து போட்டால் பெரியது குருணையாகும், சிறியது உமி கழலாமலே வெளியே வரும். உமி தெரிகிறதே என்று வேகத்தைக் கூட்டி மறுபடி மறுபடி ஓட்டுவார்கள். தவிடு முழுக்கப் போய், பார்க்க வெள்ளையாக, நார்ச்சத்து இல்லாத ஒரு பொருள் மிஞ்சும். ஈரப்பதமும் முக்கியம். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. அதிகம் காய்ந்தால் உடையும், ஈரம் மிகுந்தால் உமி கழலாது. எல்லாம் சரியாக நடந்தாலும் 100 கிலோ தானியத்துக்கு உமி நீக்கிய அரிசி 60 முதல் 70 கிலோதான் கிடைக்கும். விலை நிர்ணயிக்கும்போது இந்தக் கழிவை மறந்துவிடக் கூடாது.

சேமிப்பிலும் இதே பிரிவினைதான். உமியோடு இருக்கும் வரை சாமையும் தினையும் வருடக்கணக்கில் தாங்கும். உமி போன பிறகு தவிட்டு எண்ணெய் காற்றுபட்டுச் சிக்கு வாடை அடிக்கும். சென்னையின் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் மூன்று மாதம் தாங்கினாலே பெரிது. ஆகவே உமியுள்ள தானியமாகவே வாங்கி, தானியமாகவே அடுக்கி, தேவைக்கேற்ப மாதாமாதம் உமி நீக்க வேண்டும். மூட்டையில் பொதிந்த தேதி போதாது, உமி நீக்கிய தேதி அச்சிட வேண்டும். கம்பில் கொழுப்பு 5 சதவீதத்துக்கும் அதிகம் என்பதால் மாவு ஓரிரு வாரங்களில் கசந்துவிடும். முழுத் தானியத்தைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கி, நன்கு உலர்த்தி அரைத்தால் சில வாரங்கள் கூடுதலாக நிற்கும். கேழ்வரகில் கொழுப்பு 2 சதவீதத்துக்கும் கீழ், எனவே பயமில்லை.

என் யோசனை: முதலில் கேழ்வரகு மட்டும் போதும். தருமபுரிக்காரர்களுக்குத் தானியமாகக் கொடுங்கள், அவர்களுக்குக் கைவந்த கலை. சென்னைக்கு மாவாகக் கொடுங்கள். தெருவுக்குத் தெரு மாவு மில் இருந்த காலம் போய்விட்டது. வேலைக்குப் போகும் பெண் இரண்டு கிலோவைக் கல் நீக்கி, கழுவிக் காயவைத்து, மில் தேடி அலைய மாட்டார். அந்தத் தானியம் கோழித் தீவனமாகத்தான் முடியும்.

அளவிலும் நேர்மை தேவை. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அட்டைக்கு மாதம் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நால்வர் குடும்பத்தில் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 17 கிராம். 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருப்பதால் இதில் கிடைப்பது 60 மில்லிகிராம். பெரியவர்களுக்கு வேண்டியதோ 1,000. இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட வராது. பெண்களுக்கு வேண்டியது 29. ஆக, கேழ்வரகால் ரத்தசோகை தீரும் என்று மேடையில் பேசுவதை நிறுத்தலாம். போதாததற்கு, அதிலுள்ள ஃபைடேட் என்ற வேதிப்பொருள் அந்தக் கொஞ்ச இரும்பையும் உடலில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினாலோ, கூழுக்குப் போல் புளிக்க வைத்தாலோ ஃபைடேட் குறையும். கீரையும் பருப்பும் சேர்த்து, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால், இரும்பு உடலில் சேர உதவும் வைட்டமின் சி பெருமளவு போய்விடும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அதுவும் இரும்பு சேர்வதைத் தடுக்கும்.

பள்ளித் தட்டில் கணக்கு மாறுகிறது. ஒரு குழந்தைக்கு 50 கிராம் கேழ்வரகு என்றால் 180 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. 7 முதல் 9 வயதுக்கான தேவை 650. கால் பங்குக்கு மேல் ஒரே வேளையில் கிடைத்துவிடும். அதே 50 கிராம் தீட்டிய அரிசியில் 4 மில்லிகிராம்தான். ஆனால் கேழ்வரகுச் சேமியா வாங்குவோர் கவனிக்க: கேழ்வரகில் மாவை இழுபடச் செய்யும் குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் இல்லாததால் இழை உடையாமலிருக்க மைதா கலப்பதுண்டு. டெண்டரில் கேழ்வரகு எத்தனை சதவீதம் என்று எழுதாவிட்டால் நாம் வாங்குவது நிறம் மாறிய மைதா.

இன்னொன்று, சென்னைக்கே உரிய சிக்கல். மாநகராட்சிப் பள்ளிகளுக்கு உணவு பொதுச் சமையற்கூடங்களில் தயாராகி வண்டியில் போகிறது. சாமை உப்புமாவுக்கு ஒன்றுக்கு இரண்டரை பங்கு தண்ணீர் என்பது சுடச்சுடச் சாப்பிடும் வீட்டுக் கணக்கு. ஆறினால் சிறுதானியம் இறுகி, மணல் போல் நெறுநெறுக்கும். அரைமணி ஊறவைத்து, தண்ணீரைக் கூட்டிப் பொங்கல் பதத்தில் இறக்கி, சாம்பாரைத் தாராளமாக ஊற்ற வேண்டும். இதைச் சமையலர்களுக்கு ஒரு வாரம் செய்துகாட்டிப் பழக்காமல் மூட்டையை மட்டும் அனுப்பினால் குழந்தைகள் தட்டோடு கொட்டுவார்கள், பழி தானியத்தின் மேல் விழும்.

டெல்டாவிலும் நெல்லை விட்டுவிட்டு இவற்றுக்கு மாறச் சொல்லும் சிலருக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் களிமண்ணில் நெல்தான் தாக்குப்பிடிக்கும். கேழ்வரகுக்கு கிருஷ்ணகிரி, தருமபுரி மானாவாரி நிலங்களே போதும். 2025-26க்கான ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். சாதாரண நெல்லுக்கு 2,369. விலை குறையில்லை. அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையம் திறந்திருக்கிறதா, அங்கே கல் நீக்கும் இயந்திரம் ஓடுகிறதா என்பதைத் தங்கள் மாவட்ட நிருபர்கள் ஒருமுறை போய்ப் பார்த்து எழுதலாம்.

இப்படிக்கு,
உணவுத் தொழில்நுட்பத் துறை வாசகர்,
தரமணி, சென்னை - 113