எல்லை எழுதறப்ப ஊரையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

எனக்கு தாராபுரம் பக்கம். தண்ணி, மண்ணு, மழைன்னு மேப் டேட்டாவ பைத்தான்ல ப்ரோக்ராம் எழுதி பாக்கறதுதான் வேலை. போன மாசம் அமராவதி ஆத்தோரத்து கிணறுகளோட நீர்மட்டத்த 30 மீட்டர் கட்டம் கட்டமா மேப் போடலாம்னு உக்காந்தேன், லேப்டாப் அப்படியே நின்னுபோச்சு, எத்தன தடவை ஓட்டியும் அதே கதை. ரெண்டு நாள் கழிச்சுத்தான் டேட்டாவோட எக்ஸ்டென்ட்ட, அதாவது நாலு பக்க எல்லைய, பிரிண்ட் பண்ணி பாக்கணும்னே தோணுச்சு. மேக்க இருந்து கெழக்க கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர்னு காட்டுது! தாராபுரத்துக்கும் கரூருக்கும் நேர்கோட்டுல 65 கிலோமீட்டர் சொச்சந்தானுங்க. மேக்க-கெழக்கா 2,000 கட்டம் வரவேண்டிய எடத்துல 20,000 கட்டம், பாவம் லேப்டாப் என்ன பண்ணும்.

விஷயம் என்னன்னா யூடிஎம்னு ஒரு முறை, பூமிய தீர்க்கரேகைப்படி பட்டை பட்டையா பிரிச்சு எடத்த மீட்டர்ல சொல்றது, அதுல 6 டிகிரிக்கு ஒரு ஜோன், 78 டிகிரி தீர்க்கரேகை நம்ம கொங்கு நாட்டுக்கு நடுவுல போகுது, அதுக்கு மேக்க கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடெல்லாம் 43, கெழக்க கரூர், நாமக்கல், சேலம் 44. ஜோனுக்கு ஜோன் எண்ணிக்கை புதுசா ஆரம்பிக்கும். அதனால தாராபுரத்தோட எக்ஸ், அதாவது மேக்க-கெழக்கா அளக்கற எண், 7.75 லட்சம் மீட்டர் கிட்ட, அதுக்கு கெழக்க இருக்கற கரூரோடது வெறும் 1.8 லட்சம். அமராவதி இந்தக் கோட்டத் தாண்டித்தான் காவேரிக்குப் போகுது. ஒரு ஆபீஸ்ல எனக்குக் குடுத்த ரெண்டு ஷேப்ஃபைல்ல (மேப் டேட்டா ஃபைலுங்க) ஒண்ணு 43, ஒண்ணு 44, எந்த ஜோன்னு சொல்ற பிஆர்ஜே ஃபைல் ரெண்டுலயும் இல்ல, நானும் கேக்காம ஒண்ணா சேத்துட்டேன்.

கிரயப் பத்திரத்துல செக்குபந்தி எழுதறோமில்லீங்க, எந்த கிராமம், என்ன சர்வே நம்பர்னு போடாம வெறும் நாலு எல்லைய மட்டும் எழுதினா யாராச்சும் ரிஜிஸ்டர் பண்ணுவாங்களா? ஜோன் சொல்லாத எக்ஸ்டென்ட்டும் அப்படித்தான்.

இன்னொண்ணு, எண்கள எழுதற வரிசை. மேப் டேட்டாவுக்கான பைத்தான் லைப்ரரி ஜியோபாண்டாஸ்ல டோட்டல் பவுண்ட்ஸ், அதாவது மொத்த எல்லை, கேட்டா மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்குன்னு தரும், அதே படத்த மேட்பிளாட்லிப்ங்கற படம் வரையற லைப்ரரில வரையறப்ப எக்ஸ்டென்ட்ட மேற்கு, கிழக்கு, தெற்கு, வடக்குன்னு கேக்கும். அப்படியே தூக்கிப் போட்டா படம் கோணிப்போயிரும். கோயம்புத்தூர் 77 கிழக்கு, 11 வடக்கு, இத மாத்திப் போட்டா நார்வேக்கும் மேல ஸ்வால்பார்ட் தீவுப்பக்கம் கடல்ல விழும், இது பசங்க தினமும் பண்ற தப்பு.

அதனால மேப் டேட்டா குடுக்கற எல்லாரும், காலேஜோ ஆபீஸோ, பிஆர்ஜே ஃபைலோட குடுங்க, எக்ஸ்டென்ட் எழுதினா பக்கத்துலயே ஜோனையும் வரிசையையும் எழுதுங்க. சேக்கறவங்க மொதல்ல ரெண்டையும் ஒரே ஜோனுக்கு மாத்திட்டு அப்பறமா எல்லைய எடுங்க, எனக்கு 43க்கு மாத்தினதும் சரியாயிருச்சு.

உங்க பேப்பர்ல மாணவர் பக்கம் வருதுங்கல்ல, அதுல ஒரு தடவை கொங்கு நாட்டு மேப்ல அந்த 78 டிகிரி கோட்ட வரைஞ்சு போடுங்க, எந்த ஊரு எந்தப் பக்கம்னு பசங்க பாத்து வெச்சுக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர், தாராபுரம்