இன்னும் கையெழுத்துப் போடவில்லை

அன்புள்ள கண்ணா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால், அக்காவின் புது வேலை, மொட்டைமாடிக் குழாய் என்று எழுத நிறைய இருக்கிறது. அதெல்லாம் அப்புறம். முதலில் உன் பள்ளியிலிருந்து வந்த படிவத்தைப் பற்றி எழுத வேண்டும்.

மொழிப் பாடத்தை மாற்றிக்கொள்ளப் பெற்றோர் சம்மதம் கேட்டு அது வந்து 12 நாள் ஆகிறது. நீ நிரப்பிய கட்டங்களை எல்லாம் பார்த்தேன். விட விரும்பும் பாடம்: பிரெஞ்சு. காரணம்: ஆர்வம் இல்லை. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? மனசு வைத்து எழுதினால் எழுத்தெல்லாம் வலப்பக்கம் சாய்ந்துகொண்டு ஓடும். இந்த இரண்டு சொல்லும் நட்டு வைத்த குச்சி மாதிரி நிற்கின்றன.

எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்பியிருக்கலாம். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறோம். சாப்பிட்டாயா என்றால் "ம்". தூங்கினாயா என்றால் "ம்". படிப்பு எப்படி என்றால் அதற்கும் "ம்". பிரான்சில் முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்பதானாலும் முதலில் 'போன்ழூர்' சொல்ல வேண்டும், சொல்லாமல் ஆரம்பித்தால் மரியாதைக் குறைவு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீதான். அதைத் தமிழில் ழ போட்டு எழுதுகிறார்களே தவிர அது நம் ழ இல்லை அம்மா என்று திருத்தியவனும் நீதான். அப்படிப்பட்டவன் பெற்ற தாயிடம் ஒரு "ம்"மோடு நிறுத்திக்கொள்கிறாய்.

உங்கள் பிரெஞ்சு மிஸ்ஸிடம் பேசினேன். கோபித்துக்கொள்ளாதே. எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே முதல் மூன்று பேரில் நீ ஒருவன் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அதே மூச்சில், "ஆனால் வாயையே திறக்க மாட்டேன் என்கிறான்" என்றார். விடுமுறைக்கு முன்னால் முதல் ஆளாகக் கை தூக்கியவன், திரும்பி வந்ததிலிருந்து பேச்சுப் பயிற்சி என்றாலே தலையைக் குனிந்துகொள்கிறானாம். வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்டார். ஒன்றும் இல்லையே என்று சொல்லிவிட்டேன்.

வாய்விட்டுப் படி, கண்ணா. கண்ணால் மட்டும் படித்தால் மொழி வராது. நீ எழுதப்போகும் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வைப் பற்றி விசாரித்தேன். கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். 100க்கு 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்த ஒரு பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாதாம். நீ மற்ற மூன்றிலும் முழுசாக வாங்கினால்கூட, பேசும் அறையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் அத்தனையும் வீண். ஏ2 நிலையில் அந்தப் பேச்சுத் தேர்வு மொத்தமே 6 முதல் 8 நிமிடம்தான். எட்டு நிமிடம் பேச உனக்கு விஷயமா இல்லை?

போன வருஷம் இதே போனில் நாற்பது நிமிடம் எண்ணைப் பற்றி மட்டும் பேசினாய். பிரெஞ்சில் 70 என்பது அறுபது-பத்து, 80 என்பது நாலு இருபது, 90 என்பது நாலு-இருபது-பத்து. 99க்கு நாலு-இருபது-பத்து-ஒன்பது என்று மூச்சு வாங்கச் சொன்னாய். ஏன்டா இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள் என்று நான் கேட்டதற்கு, "நாம் மட்டும் என்னம்மா? எண்பது வரைக்கும் பத்தை வைத்து எண்ணிவிட்டு 90க்கு மட்டும் நூறைக் கூப்பிட்டுத் தொண்ணூறு என்கிறோம். 900க்கு ஆயிரத்தைக் கூப்பிட்டுத் தொள்ளாயிரம் என்கிறோம்" என்றாய். இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருக்கும் சொல், எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அன்று இரவு அப்பாவிடம் இதையே இரண்டு தரம் சொன்னேன். பிறகு பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கும் 90க்கும் செப்தாந்த், நோனாந்த் என்று நேராகவே சொல்கிறார்கள் என்று அதற்கும் ஒரு பத்து நிமிடம். ஆர்வம் இல்லாதவன் பேசுகிற பேச்சா அது?

நீ மேசையில் விட்டுப்போன முதல் வருஷப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ராத்திரியில் நானும் உட்கார்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை. எனக்குப் புரிகிறது, கண்ணா. 'த்யூ', 'வூ' இரண்டும் நம் நீ, நீங்கள். பலருக்கும் நீங்கள், பெரியவர் ஒருவருக்கும் நீங்கள் என்று நாம் சொல்வதுபோலவே அவர்களும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் வழியாகப் படித்தால் அதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் தேவைப்படுகிறது, நமக்கு ஒரு வரி போதும். ஆனால் நாம், நாங்கள் என்ற வித்தியாசம் அவர்களிடம் இல்லை. இரண்டுக்கும் 'நூ' ஒன்றுதான். கேட்பவனைச் சேர்த்துச் சொல்கிறோமா, விலக்கிவிட்டுச் சொல்கிறோமா என்பது அதில் தெரியாது.

அப்புறம் அந்த 'ஆ-தீல்'. 'அவனிடம் இருக்கிறது' என்று சொல்லும் ஈல் ஆ என்பதைக் கேள்வியாக்கத் திருப்பிப் போட்டால் ஆ, ஈல் என்று இரண்டு உயிர் முட்டிக்கொள்கின்றன. நடுவில் ஒரு த் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மணி + அடித்தது மணியடித்தது ஆகிறதே, அதே உடம்படுமெய்! இதைப் பார்த்ததும் உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். சொல்லியிருந்தால் எப்போதிலிருந்து படிக்கிறீர்கள், ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டிருப்பாய். வைத்துவிட்டேன்.

உச்சரிப்புதான் கஷ்டம். தெருவுக்கு ஒரு 'ரூ', சக்கரத்துக்கு ஒரு 'ரூ'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், வேறுபடுத்த எழுத்து இல்லை. தெருவுக்கான 'ரூ'வைச் சொல்ல நாக்கை ஈக்கு வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் ஊவுக்குக் குவிக்க வேண்டும். ர் தொண்டையில், உள்நாக்குப் பக்கத்தில் உரச வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். ஈ சொல்லும்போது நாக்கு சரியாக இருக்கும், உதடு குவிந்ததும் நாக்கும் கூடவே பின்னால் போய்விடும். இருபது முப்பது தடவைக்குப் பிறகு ஒரே ஒரு முறை வந்தது.

சொல்வதற்கு முன் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். அப்பா காதில் விழுந்துவிடக் கூடாது என்று குழாயையும் திறந்துவிட்டேன்.

கண்ணா, அந்தத் தாழ்ப்பாளில் கை வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. 46 வயதில், பூட்டிய அறைக்குள், தனியாக, ஒரே ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இவ்வளவு கூச்சம். நீ 15 வயதில் கூடத்தின் நடுவில் நின்றாய். எதிரே பதினோரு பேர். மாமா, "பிரெஞ்சில் ஏதாவது பேசு பார்க்கலாம்" என்றார். நீ வேண்டாம் என்று என்னைப் பார்த்தாய். "சொல்லேன்டா, காசு கட்டிப் படிக்க வைக்கிறோம்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். நீ பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாய். மடிப்பை நீவிவிட்டு முதல் சொல்லை வாசித்தாய். தொண்டையில் ர் உரசியது, உதடு குவிந்தது. மாமா இருமுவதுபோலச் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா? சித்தி அப்போதுதான் உள்ளே வந்தாள். "இன்னொரு தடவை சொல்லு, சித்தியும் கேட்கட்டும்" என்றேன். நீ தாளை நாலாக மடித்தாய். சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்துதான் "ம்".

மிஸ் கேட்டபோது ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னது பொய். எனக்குத் தெரியும். இரண்டு மாதமாகத் தெரியும்.

நான் இங்கிலீஷ் பேச மாட்டேன், தெரியுமல்லவா? எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அப்பாவை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நிற்பேன். எனக்குக் கொஞ்சம் கூச்சம் என்றுதான் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். எட்டாம் வகுப்பில் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னேன். வகுப்பு சிரித்தது, டீச்சரும் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது. பரீட்சையில் நல்ல மதிப்பெண்தான் வாங்கினேன், பக்கம் பக்கமாக எழுதுவேன். வாய் மட்டும் அன்றோடு சரி. இதை அனுபவித்தவள்தான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். வேறு யார் சிரித்திருந்தாலும் மன்னிக்கலாம்.

உனக்கு நாலு வயதில் ழ வராது. மழையை மயை என்பாய். ஒருநாள் உன் சித்தப்பா உன்னைப்போலவே சொல்லிக்காட்டிச் சிரித்ததற்கு, குழந்தையைக் கேலி செய்வதானால் இந்தப் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டேன். ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா உனக்குச் சொல்லியிருப்பாள். பாட்டிதான் உன்னை மடியில் உட்காரவைத்துத் தன் வாயைத் திறந்து நாக்கைக் காட்டுவார். "மடிச்சுக்கோ, மேலே தொடாதே, அப்படியே நிறுத்து, இப்போ சத்தம் விடு." எத்தனை நாள்! வராவிட்டாலும் ஒரு தரம்கூடப் பாட்டி சிரித்ததில்லை.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. நீ ஊருக்குக் கிளம்பிய பிறகு துவைக்கப் போட்ட சட்டையில் கிடைத்தது. ஐந்து வரி. பிரெஞ்சு எழுத்துகளுக்கு நடுவில், இரண்டாவது வரியில், தனியாக ஒரு ழ. அதைப் பார்த்துத்தான் அகராதியை எடுத்தேன். 'கிரான்-மேர்' பாட்டி என்று உடனே தெரிந்துவிட்டது. 'அப்ராந்த்ர்' என்ற சொல்தான் இரண்டு நாள் படுத்தியது. கற்றுக்கொள்வதற்கும் அதே சொல், கற்றுக்கொடுப்பதற்கும் அதே சொல். பாட்டி உன்னிடம் கற்றாரா, உனக்குக் கற்றுக்கொடுத்தாரா? பிறகு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன 'ம்'மைப் பார்த்தேன். எனக்கு. பாட்டி எனக்கு ழ சொல்லக் கற்றுக்கொடுத்தார்.

இதைத்தான் நீ எங்களுக்கு வாசிக்க வந்தாய். முதல் சொல்லிலேயே நிறுத்திவிட்டோம்.

சென்ற வாரம் செனகல் நாட்டுக்காரர் ஒருவர் பேசிய பிரெஞ்சைப் போனில் கேட்டேன். நம்மைப்போலவே நாக்கு நுனியில் ர் உருட்டினார். அவர் பேசியதும் பிரெஞ்சுதான். தொண்டை ர் வரவில்லை என்றாலும், வந்து யாராவது சிரித்தாலும், நீ பேசுவதும் அதேதான். மாமாவிடம் நேற்றுப் பேசிவிட்டேன். என்ன பேசினேன் என்று அவரே உனக்குச் சொல்வார்.

படிவத்துக்கு வருகிறேன். உனக்கு நிஜமாகவே இந்தப் பாடம் வேண்டாம் என்றால் நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் காரணம் என்ற இடத்தில் ஆர்வம் இல்லை என்று இருக்கும்வரை என்னால் கையெழுத்துப் போட முடியாது. 'அம்மா சிரித்தாள்' என்று எழுதி அனுப்பு. அன்றைக்கே போட்டு அனுப்புகிறேன்.

அந்தத் தாளின் நாலாவது வரியில் ஒரு சொல்லை அடித்துவிட்டு மேலே வேறொன்று எழுதியிருக்கிறாய். மேலே இருப்பது அகராதியில் இருக்கிறது, பொறுமை என்று போட்டிருக்கிறது. அடித்த சொல்லைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் படிக்க முடியவில்லை. பாட்டியைப் பற்றி முதலில் என்ன எழுதினாய்?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. தாளைக் கையில் வைத்துக்கொண்டிருப்பேன்.

அம்மா

மறந்துவிட்டேனே. அக்காவுக்கு வேலை உறுதியாகிவிட்டது. அப்பா இப்போது கைப்பிடியைப் பிடிக்காமலே படியேறுகிறார். குழாய் இன்னும் ஒழுகுகிறது.