முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு ஆறு முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் பேச விரும்புவது, நம் நலவாழ்வு, மனித வளர்ச்சித் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் மூன்று ஆசிரியர்களைப் பற்றி. மூவரையும் அழைத்து ஆளுக்கொரு மாலை பேசச் சொன்னோம்.

முதலில் வந்தவர் குழந்தை வளர்ச்சி ஆய்வாளர். ஜமைக்காவில் 1980களில் நடந்த ஓர் ஆய்விலிருந்து பேச்சைத் தொடங்கினார். வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு, சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் போனார்கள். வீட்டில் கிடக்கும் பொருள்களால் பொம்மை செய்து, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். இரண்டே ஆண்டுகள்தான். அந்தப் பிள்ளைகள் 22 வயதில், அப்படி யாரும் வந்து போகாத பிள்ளைகளைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதே ஆய்வில் வேறு சில பிள்ளைகளுக்குச் சத்துணவு மட்டும் கொடுத்தார்கள்; அவர்களிடம் அத்தகைய நீடித்த பலன் தெரியவில்லை. இதைக் கேட்டதும் அரங்கம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. வீடு வீடாகப் போக ஆள் போதாத இடத்தில், நாலைந்து தாய்மாரை ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் அதே பலன் வருமா என்பதுதான் அவருடைய கேள்வி. இந்த ஆண்டு நான் கேட்டவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

அடுத்தவர் முதியோர் கீழே விழுவதைப் பற்றி ஆராய்பவர். நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளை 2019-ல் தொகுத்துப் பார்த்தபோது, உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது சுமார் 23 சதவீதம் குறைந்திருந்தது என்றார். அதிலும் சமநிலைப் பயிற்சிக்குத்தான் வலுவான சான்று. வெறும் நடைப்பயிற்சி அந்த இடத்தை நிரப்பும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. தினமும் நடக்கிறோமே, போதும் என்றிருந்த பலருக்கு (எனக்கும்தான்) இது புதுச் செய்தி. அப்புறம் எல்லோரையும் நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை மார்பில் கட்டியபடி 30 விநாடிக்குள் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணச் சொன்னார். மூத்த உறுப்பினர்கள் பலர் மறுவாரமே பயிற்சி வகுப்பு கேட்டு வந்தார்கள். மாதம் இரண்டு முறை நடக்கிறது.

மூன்றாமவர் வளரிளம் பருவத் தூக்கத்தைப் பற்றிப் பேசினார். பருவமடையும் வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது, இரவில் தூக்கம் வராததைச் சோம்பல் என்று திட்டுவது தவறு என்று விளக்கினார். நிகழ்ச்சியைத் தாமதமாகத் தொடங்கியதால் கேள்வி நேரம் இல்லாமல் போயிற்று. அது என் பிழை. அவரை மறுபடி அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மூவரும் ஒரே உதவி கேட்டார்கள். ஆய்வில் சேர்ந்தவர்கள் வீடு மாறி, எண் மாறித் தொடர்பு விட்டுப்போகிறது. நியூசிலாந்தின் டனிடின் நகரில், ஒரே ஆள்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு 1972-73-ல் பிறந்த 1,037 பேரோடு தொடங்கியது. 45 வயதிலும், உயிரோடிருப்பவர்களில் 94 சதவீதம் பேர் வந்து கலந்துகொண்டார்கள். அந்த அளவுக்கு ஆள்களை விடாமல் பிடித்து வைத்திருக்கப் பொறுமையாகத் தொலைபேசியில் பேசுகிறவர்கள் வேண்டும். சரி, அதை நாம் செய்யலாம் என்று செயற்குழு முடிவெடுத்தது. இதுவரை பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பங்கேற்பாளர் விவரங்களை வெளியே சொல்லமாட்டோம் என்று எழுதிக் கையொப்பமிட்ட பிறகே பட்டியல் தரப்படும். படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன.

செயலாளர்