மிஸ்ஸி வயிற்றை அமுக்குவது எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரசவ வார்டு மிஸ்ஸிகள் (தாதிகள்) கத்துகிறார்கள், கூப்பிட்டால் வருவதில்லை, பிள்ளை பெற்ற வயிற்றைப் போட்டு அமுக்குகிறார்கள் என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கத்துவதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை, வலியில் கிடப்பவளிடம் சிடுசிடுப்பது தப்புதான். மற்ற இரண்டையும் பற்றி, பிரசவ அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவரிடம் முதலில் ஓடுவது அங்கே வழக்கமில்லை. சத்தம் போடும் பெண்ணுக்கு மூச்சும் தெம்பும் இருக்கிறது. நாங்கள் பயப்படுவது மூலைக் கட்டிலில் பேசாமல் கிடந்து "தலை வலிக்குது மிஸ்ஸி" என்று மெதுவாகச் சொல்கிறாளே, அவளைப் பார்த்துத்தான். பிரஷர் 160/110-க்கு ஏறியிருந்தால் அடுத்து வருவது வலிப்பாக இருக்கலாம். பனிக்குட நீர் பச்சையாக வந்தவள், குழந்தையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110-க்குக் கீழே இறங்கி ஏறாமல் நிற்பவள், இவர்களைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் மாமியாருக்கு இது தெரியாது, என் மருமகளை அரைமணி நேரமாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றும். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அடிக்கடி சோதிக்கவில்லையே என்பது இன்னொரு புகார். எல்லாம் சரியாகப் போகிறது என்றால் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும், சும்மா சும்மா கைவிட்டுப் பார்த்தால் கிருமிதான் உள்ளே போகும்.

இப்போது அந்த வயிறு. பிள்ளை பிறந்ததும் எல்லாருடைய கண்ணும் பிள்ளை மேல், என்ன நிறம், யார் ஜாடை, மணி எத்தனை, நட்சத்திரம் என்ன. மிஸ்ஸியின் கண் தாயின் அடிவயிற்றிலும் ரத்தம் உறிஞ்ச வைத்திருக்கும் பேடிலும் இருக்கும், இருக்க வேண்டும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் வாய் திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களை இறுக்கி மூடுவது கர்ப்பப்பையின் தசைதான், அது சுருங்காமல் தொளதொளவென்று கிடந்தால் ரத்தம் நிற்காது. அதற்காகத்தான் பிள்ளை வந்தவுடன் தொடையில் ஊசி, அதற்காகத்தான் முதல் 2 மணி நேரம் கால்மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்ப்பது, மெத்தென்று இருந்தால் கெட்டியாகும் வரை தேய்த்துவிடுவது. வலிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. சிறுநீர் கழித்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் இதில்தான் சேர்த்தி, சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பையை மேலே தள்ளிவிடும், சுருங்க விடாது. இதை ஒரு வரியில் தமிழில் சொல்லிவிட்டு அமுக்கினால் பாதி சண்டை வராது, அந்த வாசகர் பக்கம் நியாயம் இருப்பது இங்கேதான்.

ஆபத்து ஆஸ்பத்திரியோடு முடிவதில்லை. கிளினிக் டேசா (கிராமத்து அரசு கிளினிக்) மிஸ்ஸி முதல் பத்து நாளில் பல தடவை வீட்டுக்கு வருவார். அவர் கேட்கும்போது பச்சை உடம்புக்காரி வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் "எல்லாம் நல்லா இருக்கா" என்று பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்! ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள் முழுசாக நனைவது, முட்டை அளவுக்கு ரத்தக் கட்டி விழுவது, விடாத தலைவலி, கண் மங்குவது, காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென்று மூச்சு வாங்குவது, இவையெல்லாம் சாதாரணம் இல்லை. பிரஷர் பிள்ளை பிறந்த பிறகும் 6 வாரம் வரை ஏறலாம். அப்புறம் பத்தியம். மிளகு ரசமோ பூண்டோ, அதோடு எனக்குச் சண்டை இல்லை. தண்ணீரைக் குறைத்து, நாள் முழுக்கப் படுக்கவே வைத்திருக்கும் வழக்கத்தோடுதான் சண்டை, காலில் ரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போய் அடைத்தால் பிழைக்க வைப்பது மிகவும் கஷ்டம். அதைத் தடுக்கத்தான் சில பெண்களுக்கு ஊசி எழுதித் தருகிறார்கள், அதையும் "பச்சை உடம்புக்கு ஆகாது" என்று நிறுத்திவிடும் வீடுகள் உண்டு.

2023 தொடக்கம் மலேசியாவில் தனியார் துறையில் தாய்க்கு 98 நாள் பிரசவ விடுப்பு, அப்பாவுக்கும் 7 நாள். அந்த 7 நாளில் பிள்ளையைப் பதியப் போகலாம், நண்பர்களுக்கு விருந்து வைக்கலாம், ஆனால் மனைவியிடம் இன்று எத்தனை பேட் மாற்றினாய், தலை வலிக்கிறதா என்று கணவனே கேட்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிளினிக்குகளுக்கும் ஒரு கோரிக்கை. கர்ப்பிணிகளுக்கான வகுப்பில் இதைத் தமிழிலும் சொல்லுங்கள், கூட வரும் அம்மாவையும் மாமியாரையும் வெளி பெஞ்சில் உட்கார வைக்காமல் உள்ளே கூப்பிடுங்கள், வீட்டில் முடிவெடுப்பது பல நேரம் அவர்கள்தான். தோட்டத்து லயங்களில் இருப்பவர்கள் 999-க்கு அழைத்த கையோடு ஒருவரை மோட்டார் சைக்கிளில் மெயின் ரோட்டு முனைக்கு அனுப்பி வையுங்கள். செம்பனைக் காட்டுக்குள் எல்லாப் பாதையும் ஒரே மாதிரி, ராத்திரியில் ஆம்புலன்ஸ்காரருக்கு வழி தெரியாது.

ஓய்வு பெற்ற தாதி,
சுங்கை சிப்புட், பேராக்