கட்டுவிரியனுக்கு ஒரு பலகை: நன்கொடை வேண்டுகோள்

சிட்னி வாழ் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

டார்லிங் ஹார்பரில் இருக்கும் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறையாவது போயிருப்பீர்கள். பெரிய போர்க்கப்பலிலும் நீர்மூழ்கியிலும் ஏறி இறங்கி, கால் வலித்து, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் திரும்பியிருப்பீர்கள். அதே துறையில் கட்டியிருக்கும் ஒரு மரப்படகைப் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள். 70 அடி நீளம், 11 அடி அகலம். பார்த்தால் மீன் ஏற்றுகிற படகு மாதிரி இருக்கும். மீன் ஏற்றிய படகேதான் அது.

அதன் பெயர் கிரெயிட். நம் ஊர் வழக்கில் கட்டுவிரியன். கட்டுவிரியன் எப்படிப்பட்ட பாம்பு என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சீறாது, படம் எடுக்காது. ராத்திரி தூங்குகிறவன் பக்கத்தில் வந்து தீண்டிவிட்டுப் போய்விடும். பல சமயம் கடி வலிக்கக்கூடச் செய்யாது. பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் படகின் மர உடலைப் பராமரிக்கும் செலவுக்கு நம்மால் ஆனதைச் சேர்த்துக் கொடுப்போம் என்று ஒன்பது குடும்பங்கள் கூடி ஒரு குழு அமைத்திருக்கிறோம். எங்களில் பாதிப்பேருக்குப் பூர்வீகம் சிங்கப்பூரும் ஜொகூரும். மற்றவர்கள் யாழ்ப்பாணம், தூத்துக்குடி.

முதல் கூட்டத்திலேயே ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, இது வெள்ளைக்காரன் சண்டை போட்ட படகு. நமக்கென்ன?" நியாயமான கேள்வி. பதிலைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

படகைக் கட்டியவர்கள் ஜப்பானியர்கள். ஆண்டு 1934. அப்போது அதன் பெயர் கோஃபுகு மாரு. ஜப்பானிய மொழியில் 'கோஃபுகு' என்றால் இன்பம், மகிழ்ச்சி. சிங்கப்பூரைச் சுற்றி மீன் ஏற்றிக்கொண்டிருந்தது. போர் வந்ததும் பிரிட்டிஷார் அதைக் கைப்பற்றினார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபோது தப்பி ஓடிய கப்பல்கள் சுமத்ராக் கரையோரம் வரிசையாகக் குண்டுபட்டு மூழ்கின. அப்போது பில் ரெனால்ட்ஸ் என்ற ஆஸ்திரேலியர் இந்தப் படகை எடுத்துக்கொண்டு, மூழ்கிய கப்பல்களிலிருந்து 1,100 பேருக்கு மேல் மீட்டார். 70 அடிப் படகில்! எத்தனை நடை போயிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அப்புறம் சுமத்ராவிலிருந்து கடலைக் கடந்து அதே படகில் இந்தியா வந்து சேர்ந்தார். அங்கிருந்து ஒரு சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் ஏறி ஆஸ்திரேலியா வந்தது படகு. ரெனால்ட்ஸ் பின்னால் ஜப்பானியரிடம் பிடிபட்டு 1944இல் கொல்லப்பட்டார். இந்தப் படகின் கதையில் அவரைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஊர் பேசுவது அடுத்த பகுதியைத்தான்.

1943 செப்டம்பர் 2 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவிலிருந்து 14 பேர் கிரெயிட்டில் கிளம்பினார்கள். தலைவர் ஐவன் லயன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. மீனவர்கள் போலத் தெரிய உடம்பில் சாயம் பூசி, சாரம் (கைலி) கட்டி, ஜப்பானியக் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டு எதிரியின் கடலுக்குள் போனார்கள். வேகம் மணிக்கு ஆறேழு கடல்மைல்தான்; துரத்தினால் தப்ப முடியாது. சிங்கப்பூர் பக்கத்தில் ஆறு பேர் மூன்று மடக்குத் தோணிகளில் இறங்கினார்கள். செப்டம்பர் 26 இரவு துறைமுகத்துக்குள் துடுப்புப் போட்டுப் போய், நின்றிருந்த கப்பல்களின் அடிவயிற்றில் காந்த வெடிகளை ஒட்டிவிட்டு வந்தார்கள். ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமடைந்தன என்பது அவர்கள் கணக்கு. திரும்பும் வழியில் லொம்பொக் நீரிணையில் நள்ளிரவில் ஒரு ஜப்பானியப் போர்க்கப்பல் பக்கத்திலேயே சில நிமிடம் வந்தது. ஏனோ விலகிப் போய்விட்டது. கிளம்பிய 48ஆம் நாள், அக்டோபர் 19 அன்று, 14 பேரும் உயிரோடு எக்ஸ்மவுத் சேர்ந்தார்கள்.

சரி, இதுவரை சாகசக் கதை. மீதியைச் சிங்கப்பூரில் இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வந்தது யார் என்று நேச நாடுகள் வாய் திறக்கவில்லை. அதே உத்தியை மறுபடி கையாள வேண்டும் என்று ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மீன்படகில் ஆள் வந்திருக்க முடியும் என்று ஜப்பானியர்களுக்குத் தோன்றவேயில்லை. உள்ளூர் ஆட்களும் சாங்கி சிறையில் இருந்தவர்களும் சேர்ந்து செய்த சதி என்று முடிவு கட்டினார்கள். அக்டோபர் 10 அன்று கெம்பெய்தாய் எனும் ராணுவக் காவல்படை வேட்டையைத் தொடங்கியது. 57 பேரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். அவர்களில் 15 பேர் இறந்துபோனார்கள். அந்தத் தாக்குதலைப் பற்றி அவர்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. தெரியாததை எப்படி ஒப்புக்கொள்வது?

என் தாத்தா அப்போது தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். வெடிச்சத்தத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அடுத்து வந்த வாரங்களைப் பற்றித்தான் பேசுவார். தெருவில் லாரி நின்றால் யார் வீட்டு முன்னால் என்று எட்டிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம் என்பார். கப்பலை வெடிக்க வைத்தவர்கள் யார் என்று அவருக்கு 1970களில்தான் தெரிய வந்தது. கேட்டுவிட்டு, "அப்படியா" என்று மட்டும் சொன்னாராம்.

அதனால்தான் இந்தப் படகு நம்முடையதும்கூட என்கிறோம். வீர வணக்கம் செலுத்தச் சொல்லவில்லை. அதே லயன் 1944இல் இன்னொரு தாக்குதலுக்குப் போனார், வேறு படகு. போன 23 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. இரண்டு பக்கக் கணக்கையும் சேர்த்துச் சொல்வதற்கு, கையால் தொட்டுக் காட்டக்கூடிய பொருளாக மிஞ்சியிருப்பது இந்தப் படகுதான்.

அதுவும் பொதுமக்கள் பணத்தால் மிஞ்சியது. போருக்குப் பின் விற்கப்பட்டு, போர்னியோவில் மரம் இழுத்துக்கொண்டிருந்த படகை, ஆஸ்திரேலியாவில் நன்கொடை திரட்டித்தான் 1964இல் சிட்னிக்குக் கொண்டுவந்தார்கள். 2018இல் பெரிய சீரமைப்பு முடிந்து 1943இல் இருந்த தோற்றத்துக்கு மாற்றினார்கள். அதோடு வேலை முடிந்ததா என்றால், மரப்படகில் வேலை முடிவதே இல்லை.

இதை எங்கள் குழுவிலுள்ள ஆசாரி அண்ணன் சொல்லிக் கேட்க வேண்டும். தூத்துக்குடியில் தோணி கட்டிய குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் படகைப் பார்க்கப் போனோம். நாங்கள் தகவல் பலகையைப் படித்துக்கொண்டிருந்தோம். அவர் அணியத்திலிருந்து அமரம் வரைக்கும், அதாவது முன்மூக்கிலிருந்து பின்பக்கம் வரைக்கும், கரையோரமாகவே நடந்து பலகை மூட்டுகளைப் பார்த்துக்கொண்டே போனார். தட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது அவருக்கு. தொடக்கூடாது என்பதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மழைத்தண்ணிதான் தோணிக்கு எமன். கடல் தண்ணி மருந்து" என்றார். உப்பு ஊறிய மரத்தில் மக்கவைக்கும் பூஞ்சை எளிதில் பிடிக்காதாம். மேல்தளத்தின் இடுக்கு வழியாக இறங்கும் மழைநீர் வங்குகளின் தலைமாட்டில், அதாவது படகின் விலா எலும்புகளின் மேல்நுனியில், தேங்கிவிட்டால் உள்ளே மரம் பஞ்சாகிவிடும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். மரச்சுத்தியலால் தட்டினால் நல்ல பலகை 'ணங்' என்னும், கெட்டது 'பொத்' என்னும். இரும்பு ஆணி துருப்பிடித்தால் அதைச் சுற்றியுள்ள மரமும் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். அப்புறம் ஆணி இருந்தும் பிடிப்பு இருக்காது.

அப்படியானால் கரையில் ஏற்றிக் கூரை போட்டுவிடலாமே என்று கேட்டேன். சிரித்தார். காய்ந்தால் பலகை சுருங்கி மூட்டு வாய்பிளக்கும். தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த உடம்பு தன் எடையாலேயே தொய்யும். தண்ணீரிலேயே கிடந்தால் மரம் துளைக்கும் கப்பல்புழு. ஆகவே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மேலேற்றி, அடிப்பகுதியைச் சுரண்டி, கெட்ட பலகையை மாற்றி, மூட்டுகளில் பஞ்சுத்திரியை உளிவைத்து அடித்து இறக்கி, மேலே மக்கு பூசி, புழு அண்டாத பெயின்ட் அடித்து மறுபடி இறக்க வேண்டும். இந்தப் பஞ்சு அடைக்கிற வேலைக்குத்தான் கலப்பத்து என்று பெயர். தூத்துக்குடியில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்களாம். இந்த வேலை தெரிந்த கைகள் இங்கேயும் குறைவு, அங்கேயும் குறைவு. கூலி அதனால்தான் அதிகம்.

"பலகை மாறலாம், ஏரா மாறக்கூடாது" என்றும் சொன்னார். ஏரா என்றால் படகின் முதுகெலும்பு.

இனி பணம். எங்கள் இலக்கு 15,000 டாலர். ஒரு முறை மேலேற்றிச் செய்யும் வேலையின் செலவில் இது ஒரு மூலைக்குத்தான் காணும் என்பது தெரியும். நாங்கள் அருங்காட்சியகத்தின் சார்பில் பேசவில்லை. வெளியிலிருந்து உதவும் ஒரு சின்னக் குழு, அவ்வளவுதான். சேரும் தொகை முழுவதையும் அருங்காட்சியகத்தின் அறக்கட்டளைக்கு, கிரெயிட்டின் மர உடல் பராமரிப்புக்கே பயன்படுத்த வேண்டும் என்ற கடிதத்தோடு கொடுப்போம். நோட்டீஸ் அச்சிட்டது, தேநீர்ச் செலவு எல்லாம் குழுவினர் கைக்காசு. வரிச்சலுகை வேண்டுபவர்கள் அறக்கட்டளைக்கே நேரடியாகக் கொடுத்துவிட்டு எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இவ்வளவு கொடுங்கள் என்று சொல்ல மாட்டோம். ஐந்து டாலரும் கணக்கில் வரும். ஒரு வீட்டுப் பிள்ளைகள் உண்டியலை உடைத்து 38 டாலர் 40 சென்ட் கொடுத்திருக்கிறார்கள். சில்லறையை எண்ணிய பொருளாளர்தான் பாவம். கொடுக்க இயலாதவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஜப்பான்காரன் காலத்து நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்து கொடுங்கள். அதையும் படியெடுத்து அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்க விரும்புகிறோம்.

தைப்பொங்கல் வரைக்கும் வசூலிப்போம். தமிழ்ப்பள்ளி முடியும் நேரத்தில், சனிக்கிழமைகளில், வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். பொங்கல் முடிந்த மறுவாரம் வரவு செலவுத் தாள் எல்லோர் கைக்கும் வரும்.

ரசீதில் உங்கள் பெயரே இருக்க வேண்டும் என்றில்லை. தாத்தா, பாட்டி, யார் பெயரில் வேண்டுமோ சொல்லுங்கள், எழுதித் தருகிறோம். முதல் ரசீது என் தாத்தா பெயரில் போட்டாயிற்று.

குழுவினர் சார்பில்,
செயலாளர்